1/35 லெப்பர்ட் 2-க்கு மஞ்சள் சுழல் விளக்கு: கடையில் கிடைப்பவற்றில் எது தேறும்?

ஜெர்மன் ராணுவத்தின் டாங்கி பயிற்சிக் களத்தை விட்டுப் பொதுச் சாலையில் இறங்கினால், டரட்டின் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேற்கூண்டு) மேல் மஞ்சள் சுழல் விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டுதான் போகும். லெப்பர்ட் 1, லெப்பர்ட் 2, காலாட்படை வண்டியான மார்டர், மீட்பு வண்டியான பெர்கபான்சர் என்று எதன் சாலைப் படத்தை எடுத்தாலும் இது கண்ணில் படும். போர்க்களத்துக்குத் தேவையில்லாத, கழற்றி மாட்டும் சாமான் என்பதால், இந்த வண்டிகளின் சிறு பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டிச் சேர்க்கும் பாகங்களாக விற்கும் கிட் நிறுவனங்கள் இதற்குப் பெரிய மரியாதை தருவதில்லை. சிலவற்றில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வரும், சிலவற்றில் மற்ற பாகங்களோடு சேர்ந்து கெட்டியான பிளாஸ்டிக் முளையாக வரும், சிலவற்றில் வரவே வராது. ஆனால் பச்சை, கறுப்பு, பழுப்பு என்று மூன்று நிறத்தில் அடங்கிக் கிடக்கும் வண்டியின் உச்சியில் பளிச்சென்று ஒரே ஒரு மஞ்சள் புள்ளி என்றால், பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

இதற்காகக் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் பொருட்களை வரிசையாகப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விளக்கு அணைந்திருக்கும்போது அசல் மாதிரி இருக்கிறதா? அலமாரியில் நிற்கும் மாடல் நாளின் பெரும்பகுதி அணைந்த விளக்கோடுதான் நிற்கும். எரியும்போது எந்த எல்இடியும் அழகுதான்.

வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள். அசல் விளக்கின் கூடு பெரும்பாலும் 140 முதல் 165 மி.மீ. விட்டம், 150 முதல் 200 மி.மீ. உயரம். 1/35-இல், அதாவது அசலின் 35-இல் ஒரு பங்கு அளவு மாடலில், அது 4 முதல் 4.7 மி.மீ. விட்டம். 1/48-இல் 3 மி.மீ. சுற்றி, 1/72-இல் 2 மி.மீ. சுற்றி, 1/87-இல் 1.6 முதல் 1.9 மி.மீ. விற்பனைப் பக்கங்களில் "1/35-க்கு ஏற்றது" என்று எழுதியிருப்பதை நம்பாமல், விட்டத்தை 35-ஆல் பெருக்கிப் பாருங்கள். 200 மி.மீ. தாண்டினால் அது டாங்கிக்கு மேல் கவிழ்த்த வாளி.

இந்தக் கணக்கை வைத்து, எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் சாதாரண எல்இடிகளையே முதலில் எடைபோடலாம். 3 மி.மீ. எல்இடி 1/48-இல் 144 மி.மீ. ஆகிறது: அச்சு அசல் அளவு. 1.8 மி.மீ. எல்இடி 1/72-இல் 130 மி.மீ., 1/87-இல் 157 மி.மீ. 1/35-க்குத்தான் சிக்கல். 3 மி.மீ. என்றால் 105 மி.மீ.தான் வரும், சிறிது. 5 மி.மீ. என்றால் 175 மி.மீ., பெரிது. 5 மி.மீ. எல்இடியை டிரில்லில் மாட்டிச் சுழற்றி 400, 800, 1500 என்று உப்புத்தாள் பிடித்து 4.5 மி.மீ.க்குக் கொண்டுவரலாம். விட்டம் சரியாகிவிடும், உயரம் ஆகாது. அதன் உயரம் 8.6 மி.மீ., அதாவது அசலில் 300 மி.மீ. உள்ளே உலோகக் கால்கள் பாதி உயரம் வரை ஏறி நிற்பதால் மேலிருந்தும் கீழிருந்தும் அதிகம் வெட்ட முடியாது. ஆகவே 1/48 செய்பவர்கள் 3 மி.மீ. எல்இடியை வாங்கி, அடியிலுள்ள விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டு, ஒரு மில்லிமீட்டர் அளவு அடித்தட்டுக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. 1/35 செய்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வாங்கும்போது உடலே மஞ்சளாக, சற்று மங்கலாக இருக்கும் வகையைக் கேளுங்கள். உடல் தண்ணீர் போலத் தெளிவாக இருந்து, எரியும்போது மட்டும் மஞ்சளாகும் வகை இந்த வேலைக்கு உதவாது. அணைத்ததும் டாங்கியின் மேல் வெள்ளைக் கண்ணாடிக் குண்டு நிற்கும்.

கிட்டோடு வரும் தெளிவான பிளாஸ்டிக் பாகம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். வடிவத்தில் அதுதான் பெரும்பாலும் மிகச் சரி. குறை இரண்டு. பாகங்களைத் தாங்கி வரும் சட்டமான ஸ்ப்ரூவோடு ஒட்டியிருக்கும் காம்பு கூட்டின் பக்கச் சுவரிலேயே இருக்கும். கட்டரால் ஒட்ட நறுக்கினால் உள்ளே வெள்ளை விரிசல் ஓடும், பிறகு எதைப் பூசினாலும் போகாது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மீதியைத் தேய்த்துக் கரைத்து, டாமியாவின் தெளிவு பூச்சான எக்ஸ்-22-இல் முக்கி எடுத்தால் தடம் மறையும். இரண்டாவது குறை, உள்ளே கெட்டியாக இருப்பது. அசல் விளக்கில் நடுவே நிமிர்ந்து நிற்கும் பல்பு இருக்கும், வளைந்த வெள்ளிப் பிரதிபலிப்பான் மோட்டாரால் அதைச் சுற்றி வரும். பழைய வகைகளில் 24 வோல்ட், 70 வாட் எச்1 ஹாலோஜன் பல்பு. கூட்டைக் கூர்ந்து பார்த்தால் அந்த வெள்ளி வளைவு உள்ளே மங்கலாகத் தெரியும். கெட்டி பிளாஸ்டிக்கில் அது தெரியாது, எலுமிச்சை மிட்டாய் மாதிரி இருக்கும்.

இதைச் சரிசெய்ய அடியிலிருந்து துளை போட வேண்டும். கை டிரில்லில் 0.8, 1.2, 1.9 என்று படிப்படியாக ஏறுங்கள். மின் டிரில் வேண்டாம், அதன் வேகத்தில் பாலிஸ்டைரின் உருகி பிட்டைப் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது கூடு பிளக்கும். துளையின் சுவர் பனி படர்ந்தது போல் மங்கும். எரியும் விளக்குக்கு அது நல்லதே, ஒளி சீராகப் பரவும். எரியாத விளக்கு என்றால், துளைக்குள் யுவி ரெசின் (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசின்) விட்டு, வெள்ளி பூசிய அரைக்குழாய்த் துண்டு ஒன்றை நட்டு இறுகவிட்டால் பனி மறைந்து உள்ளே பிரதிபலிப்பான் மிதக்கும். வெள்ளிக்கு மோலோடோவின் குரோம் பேனாவை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் ஒரு நாளாவது காயவிட வேண்டும். தொட்டால் சாம்பலாகிவிடும்.

தனியாக விற்கும் வில்லைகள் அடுத்து. எஸ்கேபி மாடல், ஈஎல்எஃப் போன்றவை 1/35 ராணுவ வண்டிகளுக்கென்றே முகப்பு விளக்கு, பின்விளக்கு வில்லைகளை விற்கின்றன. ரயில் மாடல்காரர்களுக்காக வந்த எம்வி புராடக்ட்ஸ் வில்லைகளின் முதுகில் வெள்ளிப் பூச்சு இருக்கும், முகப்பு விளக்கில் வைத்தால் அசத்தலாக இருக்கும். ஆனால் இவை தட்டையான அல்லது லேசாகப் புடைத்த வில்லைகள். சுழல் விளக்கின் உருளைக் கூட்டுக்கு இவற்றால் பயனில்லை. விளக்கு என்று பெயர் பார்த்து மொத்தமாக வாங்கிவிட வேண்டாம்.

1/87 செய்பவர்களுக்கு வேலையே இல்லை. ஃபீஸ்மான் போன்ற ரயில் மாடல் நிறுவனங்கள் எரிந்து மினுக்கும் சுழல் விளக்கை ஆயத்தமாகவே தருகின்றன. ரயில் பாதை மின்சாரத்துக்கு ஏற்றவை என்பதால், பேட்டரியில் இணைக்கும் முன் பெட்டியில் எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான பொருள்: கம்பி பற்றவைத்தே விற்கும் எஸ்எம்டி எல்இடி, அதாவது சர்க்யூட் பலகையின் மேல் நேராகப் பற்றவைக்கும் மிகச் சிறிய வகை. பத்து, இருபது என்று பொட்டலமாக, பிராண்ட் பெயர் இல்லாமல் இணையத்தில் கிடைக்கும். எல்இடியின் இரு முனையிலும் முடி போன்ற 0.1 மி.மீ. எனாமல் செம்புக் கம்பி இருக்கும். 1/35-க்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. அளவு எண்களின் பொருள்: 0402 என்றால் 1.0 × 0.5 மி.மீ., 0603 என்றால் 1.6 × 0.8 மி.மீ., 0805 என்றால் 2.0 × 1.25 மி.மீ. ஒற்றை எல்இடி வைப்பதானால் 0603 வாங்குங்கள். அதன் மூலைவிட்டம் 1.8 மி.மீ. என்பதால் மேலே சொன்ன 1.9 துளையில் சரியாக உட்காரும். நான்கு எல்இடி வைத்துச் சுழலவிடும் எண்ணமிருந்தால் 0402. இதில் 0805-க்கு இடமில்லை.

கம்பி இல்லாத எஸ்எம்டி சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் 0402-இல் கையால் கம்பி பற்றவைப்பது பொறுமையைத் தின்னும் வேலை. அரிசியின் கால்வாசிகூட இல்லாத அந்தத் துணுக்கின் இரு முனையிலும் ஈயம் தொடும்போது, ஒன்றை வைக்கையில் மற்றது கழன்றுவிடும். மிச்சமாகும் காசு பாதியைக் கருக்கிவிட்டதும் போய்விடும். பற்றவைத்தே வருவதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நிறம் கேட்கும்போது 590 நானோமீட்டர் சுற்றியுள்ள மஞ்சளைக் கேளுங்கள். வெள்ளை எல்இடியை வைத்து மேலே மஞ்சள் பூசினால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். பூச்சு மெல்லியதாக இருந்தால் ஒளி வெளிறி எலுமிச்சை நிறத்துக்குப் போகும், தடித்தால் மங்கும். மஞ்சள் எல்இடிக்கு அந்தத் தொல்லை இல்லை, கூட்டின் பூச்சு எப்படி இருந்தாலும் ஒளி மஞ்சளாகவே வரும். ஃபெல்ட்யேகர் எனப்படும் ராணுவப் போலீஸ் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் நீலம் வேண்டும். நீல எல்இடிக்கு மட்டுமே 3 வோல்ட் போய்விடும், ஒற்றை பட்டன் செல் தாங்காது, இரண்டைத் தொடராக வைக்க வேண்டும்.

இந்தப் பொட்டலங்களின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கம்பி நேர் (+) என்பதற்கு நிற வழக்கம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுகிறது. பல்ப் மாட்டிப் பார்ப்பது போல நேராக பேட்டரியில் தொடாதீர்கள். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துத் தொட்டால் மஞ்சள் எல்இடி மெல்ல ஒளிரும், அப்போது சிவப்பு முள் தொடுவது நேர். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள், எரியாதது ஒன்றிரண்டு வருவது வழக்கம். கம்பி உடைவது எப்போதும் ஒரே இடத்தில்: எல்இடியை விட்டு அது வெளியே வரும் முதல் மில்லிமீட்டரில். பொட்டலத்தைப் பிரித்ததுமே அந்த இடத்தில் யுவி ரெசின் ஒரு துளி வைத்து இறுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மறுமுனையில் எனாமலை நீக்காமல் பற்றவைத்தால் ஈயம் உருண்டு ஓடும், அல்லது ஒட்டியது போல் பாவனை காட்டி மின்சாரம் போகாது. 380 டிகிரியில் ஈயத் துளிக்குள் கம்பி முனையைச் சில விநாடிகள் வைத்தால் எனாமல் எரிந்து, ஈயம் பிடிக்கும். பிடிக்காத வகை என்றால் மெல்லிய உப்புத்தாளால் சுரண்ட வேண்டும்.

அசல் விளக்கு சுமார் 25 மி.மீ. குழாய்க் காம்பின் மேல் உட்காரும். 1/35-இல் 0.7 மி.மீ. மெடிக்கல் கடையில் கேட்டால் கிடைக்கும் 22 எண் ஊசி வெளியே 0.72, உள்ளே 0.41 மி.மீ. இதற்கென்றே செய்தது போல. நான்கு எல்இடிக்கு ஐந்து கம்பி ஓட்ட வேண்டுமானால் 21 எண், வெளியே 0.82, உள்ளே 0.51. ஊசியைக் கட்டரால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும், சுழலும் வெட்டுத் தகட்டால் அறுக்க வேண்டும். அறுத்த விளிம்பு பிளேடு போலிருக்கும், கம்பியை இழுக்கும்போது எனாமலைச் சீவி இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்துவிடும். எல்லாம் ஒட்டிய பிறகு விளக்கு எரியாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். வாயை வட்ட அரத்தால் உள்ளும் புறமும் மழுக்கிவிட்டுக் கம்பியை நுழையுங்கள்.

கூட்டைத் தனியாகச் செய்ய வேண்டியவர்களுக்கு, பொருட்கள் அடைத்து வரும் தெளிவான பெட் பிளாஸ்டிக் போதும், 0.25 மி.மீ. தடிமன். 3.8 மி.மீ. கம்பியின் முனையை அரைக்கோளமாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். கட்டையில் 4.6 மி.மீ. துளை. தாளை இரு சட்டங்களுக்கு நடுவே பிடித்து, தொய்ய ஆரம்பிக்கும் வரை மெழுகுவத்திக்கு மேலே காட்டி, துளைமேல் வைத்துக் கம்பியால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பால் நிறமானால் சூடு அதிகம், சுருக்கம் விழுந்தால் சூடு போதவில்லை. நாலைந்து கெடும், ஒன்று தேறும், பிளாஸ்டிக்கோ இலவசம். 3டி பிரின்டரில் தெளிவான ரெசினால் அச்சிடுபவர்களும் உண்டு. அடுக்குக் கோடுகளைத் தேய்ப்பதற்கு 4 மி.மீ. பொருளில் பிடியே கிடைக்காது, யுவி வெளிச்சம் கூடினால் ரெசின் பழுத்துவிடும். மஞ்சள் விளக்குக்குப் பழுத்தாலும் பாதகமில்லை. நீலத்துக்கு அந்த வழியே போகாதீர்கள்.

நிறத்துக்கு டாமியாவின் எக்ஸ்-26 தெளிவு ஆரஞ்சை மட்டும் பூசினால் காய்ந்ததும் தேன்பாகு நிறத்துக்கு இருண்டுவிடும். எக்ஸ்-24 தெளிவு மஞ்சள் இரண்டு பங்கு, எக்ஸ்-26 ஒரு பங்கு கலந்து, கூட்டின் உட்புறத்தில் பூசுங்கள். வெளிப்புறம் பிளாஸ்டிக்கின் சொந்தப் பளபளப்போடு இருக்கும், கைபட்டாலும் உரியாது. உள்ளே ஒரு துளி விட்டுச் சுழற்றி, வாய் கீழாகக் கவிழ்த்து டிஷ்யூ தாளில் வைத்தால் அதிகப்படி வடிந்துவிடும். நிமிர்த்திக் காயவிட்டால் உச்சியில் தேங்கிக் கறுக்கும். யுவி ரெசினிலேயே நிறம் கலந்து வார்ப்பவர்கள் நிறத்தைத் துளியளவோடு நிறுத்த வேண்டும். கூடினால் யுவி உள்ளே இறங்காது, மேலே கல், உள்ளே பிசின்.

கூட்டை ஒட்ட சூப்பர் க்ளூவை நினைத்தும் பார்க்காதீர்கள். அதன் ஆவி உட்சுவரில் வெள்ளையாகப் படியும், மூடிய கூட்டுக்குள் துடைக்க வழியில்லை. யுவி ரெசின் அல்லது மைக்ரோ கிறிஸ்டல் க்ளியர் என்ற தெளிவான பசைதான் சரி. அடித்தட்டின் உட்புறம் கறுப்பு, அதன்மேல் வெள்ளி. இதை விட்டுவிட்டால் எரியும்போது அடித்தட்டும் சேர்ந்து சிவந்து ஒளிரும், டாங்கிக்குக் காய்ச்சல் வந்தது போல. வண்டிக்கு மேட் வார்னிஷ் அடித்து முடித்த பிறகே விளக்கை ஏற்றுங்கள்.

மினுக்கும் சுற்றுக்கு வருவோம். ஐரோப்பாவின் ஆர்65 விதிப்படி எச்சரிக்கை விளக்கு விநாடிக்கு 2 முதல் 4 முறை மினுக்க வேண்டும். தானாகவே மினுக்கும் எல்இடி என்று 3, 5 மி.மீ.யில் கிடைப்பவை எரிவதும் அணைவதும் சரிபாதி நேரம். இண்டிகேட்டர் மாதிரி தெரியுமே தவிர சுழல் விளக்கு மாதிரி தெரியாது. சுழல் விளக்கின் ஒளி நம் பக்கம் வெட்டிவிட்டுப் போகும், இருட்டு நேரம்தான் அதிகம்.

அதற்கு எளிய வழி, மினுக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் டைமர் சில்லான 555 ஐசி. என்இ555 வாங்காதீர்கள். அது 4.5 வோல்ட்டுக்குக் கீழே ஒழுங்காக ஓடாது, தானே சில மில்லிஆம்பியர் தின்னும். டிஎல்சி555 அல்லது ஐசிஎம்7555 கேளுங்கள், 3 வோல்ட் பட்டன் செல்லிலேயே ஓடும். 8, 4 கால்கள் நேருக்கு, 1 எதிருக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே 47 கிலோஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 10 கிலோஓம். 2-ஐயும் 6-ஐயும் இணைத்து அங்கிருந்து எதிருக்கு 10 மைக்ரோஃபாரட். கணக்குப்படி விநாடிக்கு 2.15 மினுக்கு. சூட்சுமம் எல்இடியை மாட்டும் இடத்தில்: 3-ஆம் காலுக்கும் எதிருக்கும் நடுவே மாட்டினால் பெரும்பாலான நேரம் எரிந்துகொண்டே இருக்கும். நேர் முனையிலிருந்து 470 ஓம், பிறகு எல்இடி, பிறகு 3-ஆம் கால் என்று மாட்டினால் அந்தக் கால் தாழும் 70 மில்லிவிநாடி மட்டும் பளிச்சிடும். இந்த ஐசி மின்சாரத்தை வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பதில் வலுவானது என்பதால் ஒளியும் நன்றாக இருக்கும்.

470 ஓம் என்றால் எல்இடிக்கு 2 மில்லிஆம்பியர். 20 வரை தாங்கும் என்று விவரத் தாளில் இருக்கும், ஆனால் 4 மி.மீ. கூட்டுக்குள் 20 விட்டால் கண் கூசும், பிரதிபலிப்பான் தெரியாது, ரெசினும் சூடேறும். 5 வோல்ட் யுஎஸ்பி என்றால் 1.5 கிலோஓம், 9 வோல்ட் என்றால் 3.3 கிலோஓம். சிஆர்2032 செல் ஒன்றில் இந்தச் சுற்று 400 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும்.

உண்மையிலேயே சுழல்வது போல வேண்டுமென்றால் 1 மி.மீ. சதுரத் தூணின் நான்கு பக்கமும் 0402 ஒட்டி, எதிர்க் கம்பிகளை ஒன்றாக்கி, நிரல் எழுதி ஓட்டும் ஏடிடைனி85 சில்லால் ஓட்டலாம். விநாடிக்கு மூன்று சுற்று என்றால் ஒரு எல்இடிக்கு 83 மில்லிவிநாடி. ஒன்று மங்கத் தொடங்கும்போதே அடுத்தது ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஒளி நகராமல் நான்கு மூலைக்கும் தாவும். மங்கலான கூட்டில் இந்த உழைப்பு கண்ணுக்கே தெரியாது, தெளிவான கூடு கட்டாயம். வண்டியை நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி டயோராமாவில் (நிலப்பரப்போடு அமைத்த காட்சி) வைப்பவர்கள் செய்யட்டும். அலமாரியில் சுவரோரம் நிற்கும் லெப்பர்டுக்கு 555 போதும், மிச்ச நேரத்தில் இன்னொரு கூடு வார்க்கலாம்.

செல்லை வண்டிக்குள் அடைத்து ஒட்டிவிடாதீர்கள். டரட் வளையத்தின் வழியே கம்பிகளைச் சற்றுத் தளர்வாக இறக்கி, டாங்கியின் கீழ் உடலான ஹல்லின் அடித்தட்டில் இரண்டு பித்தளைத் திருகுகளில் முடித்து, பேட்டரியையும் ஐசியையும் மரப் பீடத்துக்குள் வையுங்கள். டரட்டை முழுச் சுற்றுச் சுற்றினால் கம்பி அறுந்துவிடும், ஆகவே உள்ளே ஒரு பிளாஸ்டிக் முளை வைத்து இருபுறமும் கால் சுற்றோடு நிறுத்திவிடுவது நல்லது.